விழுமுன் விலகும் ஊசி

திருத்த வரும் மடிக்கணினியை மேசையில் வைக்கவிடாமல் வாங்கி, காதோடு சேர்த்துப் பிடிப்பார் இராசமலர். பிறகுதான் பெயர் கேட்பார். கிளிநொச்சிச் சந்தைக்குப் பின்னாலுள்ள அவருடைய கடையில் அந்த நேரம் மின்விசிறியும் ஓடாது. மூக்கு நுனியில் வேர்வை நிற்கும், துடைக்கமாட்டார். திருகாணிகளைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு பேசுவதால், கோபக்காரி என்று பெயர்.

"ஓடிக்கொண்டிருக்கேக்கயோ விழுந்தது?"

விழுந்ததென்று எவரும் ஒப்புக்கொள்வதில்லை. "சும்மா இருந்ததோ? அப்ப மூலையை ஆர் நெளிச்சது, பேயோ?" என்பார்.

ஓடும்போது விழுந்தால்தான் கேடு என்பதை நம்பாதவர்களுக்கென்று ஒரு பழைய மடிக்கணினி இருக்கிறது. ஓடவிட்டு, மடித்த சாக்குக்கு மேலே தூக்கிக் கைவிடுவார். 'டிக்'கென்று ஒரு சத்தம். "கேட்டதோ? உள்ளுக்கை, எழுதிவைச்சதெல்லாம் இருக்கிற தட்டுச் சுத்துது. மேல ஒட்டாமல் ஊசி ஓடுது, பட்டால் எல்லாம் கீறுப்பட்டுப் போயிடும். விழத் தொடங்கினதுமே அதுக்குத் தெரியும். நிலத்தில படமுதல் ஊசியைத் தூக்கி ஒதுக்கிவைச்சிடும்."

போன கிழமை வட்டக்கச்சியிலிருந்து அம்மாவும் நானும் போயிருந்தோம். வீடு கூட்டும்போது அம்மாவின் கை பட்டு என் கணினி மேசையிலிருந்து விழுந்திருந்தது. என் ஆய்வுக் கட்டுரை முழுவதும் அதில்தான். "உங்களுக்கு இதின்ர அருமை தெரியுமோ?" என்று அன்று கத்தியிருந்தேன். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான்.

இராசமலர் இரண்டு மணி நேரம் போராடினார். கணினி திணறித் திணறித் திறந்தது. கட்டுரையில் பாதிதான் மிஞ்சியது. திரையின் மூலையில் இருந்த சிறு அடையாளத்தைத் தட்டிப் பார்த்தவர், திருகாணியை வாயிலிருந்து எடுத்தார்.

"ஊசியை ஒதுக்கிறதை நிப்பாட்டி வைச்சிருக்கு. இது இருந்திருந்தால் அநேகமாத் தப்பியிருக்கும். ஆர் நிப்பாட்டினது?"

நான்தான். ஊருக்கு வரும் பஸ்ஸில் படம் பார்க்கும்போது, ஒவ்வொரு குழிக்கும் ஊசி ஒதுங்கி, படம் நின்று நின்று ஓடியது. எரிச்சலில் அதை நிறுத்தியவன், பிறகு மறந்துபோனேன். கணினியின் நெளிந்த மூலையைத் தடவிக்கொண்டு நின்றேன்.

"நானாத்தான் இருக்கும் பிள்ளை," என்றார் அம்மா இராசமலரிடம். "தூசி துடைக்கேக்க எங்கையாவது கை பட்டு அமந்திருக்கும். எனக்கு உது ஒண்டும் விளங்காது. தம்பியை ஏசாதேங்கோ."

இராசமலர் என்னைப் பார்த்தார். எழுந்துபோய்த் தன் கதிரையை இழுத்துவந்து அம்மாவை அதில் இருத்தினார். பிறகு, அம்மாவுக்குத் தெரியும்படி திரையைத் திருப்பி, மவுஸை என் கைக்குக் கீழே தள்ளிவைத்தார். "எப்பிடி நிப்பாட்டினதெண்டு அம்மாவுக்குக் காட்டுங்கோ."