பினாங்கில் அம்மா ஓடிய ஓட்டம்

பெரியம்மாவுக்கு டவுன் பஸ்ஸில் சாத்தூர் வரை போனாலே குமட்டும். அந்தக் குமட்டலின் புண்ணியத்தில்தான் நாங்கள் கப்பல் ஏறினோம்.

பெரியப்பா விருதுநகரில் வெடிக்கடை வைத்திருந்தார். ஒரு தீபாவளி சீசனில் அவர் எடுத்த லோடுகளுக்காகக் கம்பெனிக்காரர்கள் நாலு பேருக்குக் கப்பல் டூர் கொடுத்தார்கள். சிங்கப்பூர் வரை விமானம், அங்கிருந்து கப்பல், நடுவில் பினாங்கில் ஒரு பகல் இறங்கிச் சுற்றிப் பார்க்கலாம். "நான் தரையிலயே செத்துக்கிறேன், என்னைய விட்டுருங்க" என்று பெரியம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். பிள்ளைகள் இல்லாத பெரியப்பா தம்பி குடும்பத்தைக் கூட்டிக்கொண்டார். அப்பா, அம்மா, ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான். அப்பா சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் வேலை பார்த்தார். இருக்கன்குடி கோயிலுக்குப் போகக்கூட ஒரு நாள் லீவு கேட்காத ஆள் கப்பலில் போகிறேன் என்றதும் போர்மேன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாராம், காய்ச்சலோ என்று.

பினாங்கில் கால் வைத்ததும் பெரியப்பா தலைமை ஏற்றுக்கொண்டார். "எல்லாரும் எம் பின்னாலயே வாங்க. இந்த ஊரு எனக்கு நம்ம பஜாரு மாதிரி." அவரும் அன்றுதான் அந்த ஊரை முதல்முறையாகப் பார்க்கிறார். நாலு மணிக்குள் திரும்பிவிட வேண்டும், வராதவர்களை விட்டுவிட்டுக் கப்பல் கிளம்பிவிடும் என்று ஒலிபெருக்கியில் சொல்லியிருந்தார்கள். எங்கள் எல்லோருடைய கப்பல் அட்டைகளும் அப்பாவின் தோள்பையில் இருந்தன. நம் ஊர் செல்போன்கள் அங்கே மூச்சுக் காட்டவில்லை.

பிளாஸ்டிக் பூ சுற்றிய சைக்கிள் ரிக்‌ஷா, சுவரெல்லாம் படம், பச்சைப் பச்சையாக நெளிநெளியாய் ஏதோ மிதக்கும் ஐஸ் பாயசம். ஒரு திருப்பம் திரும்பினால் மல்லிகைப்பூவும் தமிழ்ப் பாட்டும் வடை வாசனையும் வந்தன. அம்மாவுக்கு ஏமாற்றம். "இம்புட்டுத் தூரம் கடல் தாண்டி வந்து மறுபடியும் நம்ம ஊரையேவா பாக்கணும்?" என்றாள். ஆனால் பூ வாங்கி வைத்துக்கொண்டாள்.

சீனர்களின் புத்தாண்டு நாட்கள் அவை. தெருவெல்லாம் சிவப்பு விளக்குகள், அடைத்துக்கொண்டு கூட்டம். மூன்று மணிவாக்கில் ஒரு கடைத்தெரு முனையில் எங்களை நிறுத்திவிட்டு அப்பா, "இங்கனயே நில்லுங்க, தைலம் வாங்கிட்டு வந்துர்றேன்" என்று போனார்.

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் அது கேட்டது. முதலில் ஒரே ஒரு டமார். கால் மிதித்திருந்த தரை அதிர்ந்தது. அதன் பிறகு சடசடவென்று விடாமல். ஓட்டுக் கூரைகளுக்கு மேலே புகை எழும்பியது. வெள்ளைக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்கள். ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. பெரியப்பா மட்டும் வியாபாரி முகத்தோடு காதைச் சாய்த்து, "சீனாச் சரக்கு" என்றார்.

அம்மா என் கையை உதறிவிட்டாள். "ஆத்தா, மாரி!" என்று ஒரு குரல்தான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எதிரே வந்த கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினாள். நான் கத்துவதற்குள் காணோம். பெரியப்பா என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார், இல்லாவிட்டால் நானும் போயிருப்பேன்.

அட்டை இல்லை, காசு இல்லை, பாஷை இல்லை. அம்மா அந்த ஊரிலேயே தங்கிவிடுவாள், நாங்கள் கப்பலில் போய்விடுவோம் என்று எனக்கு முடிவே ஆகிவிட்டது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அப்பா மூச்சிரைக்க ஓடி வந்தார். "அண்ணே, அவ எங்க?"

"நான் சொல்லச் சொல்லக் கேக்காம…" என்று பெரியப்பா தொடங்கினார்.

"சத்தம் எந்தப் பக்கம் கேட்டுச்சு?"

எனக்கு அப்பா மேல் கோபமான கோபம். அம்மாவைக் காணோம் என்று நிற்கிறோம், இந்த மனிதர் வெடியை விசாரிக்கிறாரே! பெரியப்பா புகையைக் காட்டினார். அப்பா வேறொன்றும் கேட்காமல் அந்தப் பக்கம் ஓடினார். நாங்களும் பின்னால் ஓடினோம்.

புதிதாகத் திறந்த ஒரு சீனக் கடையின் வாசல். தரையெல்லாம் சிவப்புக் காகிதக் குப்பை. நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை. கடைக்காரப் பெண்மணி தண்ணீர் கொடுத்து, மடியில் இரண்டு ஆரஞ்சுப் பழங்களையும் வைத்திருந்தார். அம்மா எதையும் தொடவில்லை. போகிற வருகிற ஒவ்வொரு ஆணின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவைக் கண்டதும் எழுந்து வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்தாள். உள்ளங்கை, புறங்கை என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள் பாருங்கள்! "எங்கன போய்த் தொலைஞ்சீக? பொண்டாட்டி பிள்ளைய நடுத்தெருவுல நிறுத்திட்டுத் தைலமா கேக்குது உங்களுக்கு?" கூடவே ஓங்கி அழுகை. அப்பா வாங்கிக்கட்டிக்கொண்டு சிரித்தார். அம்மா திரும்பக் கிடைத்த நிம்மதியில் நான் அவள் சேலையை விடவேயில்லை.

ரிக்‌ஷாக்காரர் மிதித்த மிதியில் கப்பலைப் பிடித்துவிட்டோம். மேல்தளத்தில் அம்மா ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தந்தாள். "சிவகாசிக்காரி, பினாங்குக்குப் போயும் வெடி வேடிக்கை பாக்க ஓடியிருக்கா" என்று பெரியப்பா ஊர் வந்ததும் எல்லோரிடமும் சொன்னார். அம்மாவும் கூடச் சிரிப்பாள். நானும் என் பங்குக்கு, "அப்பா கையில என்ன வாங்கிட்டு வந்திருக்காருன்னு அம்மா திருப்பித் திருப்பித் தேடுச்சு" என்று சேர்த்துக்கொள்வேன். எனக்கு அது அப்படித்தான் பட்டது.

கல்லூரியில் படிக்கும்போது ஒரு காலையில் எங்கள் ஊருக்கு வெளியே ஒரு பட்டாசு ஆலையில் டமார் என்றது, தொடர்ந்து சடசடவென்றது. யாரும் சொல்லாமலே என் கால்கள் அந்தப் பக்கம் ஓடின. பக்கத்தில் தெருவே ஓடியது, பெண்களாக. நல்லவேளை, யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. ஆலை வாசலில் கரி படிந்து வெளியே வந்த ஆண்களின் கைகளைப் பெண்கள் பிடித்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பினாங்கில் அம்மா விரல்களைத்தான் எண்ணியிருக்கிறாள். பத்தும் இருந்தன. அதற்குப் பிறகுதான் அப்பாவைத் திட்ட ஆரம்பித்திருக்கிறாள்.