சாய்தளத்தில் இறங்கிய கண்டக்டர்

கண்டக்டருக்கு உட்காரத் தெரியாது. வேலையில் இருந்தவரை அது ஒரு குறையாக யாருக்கும் பட்டதில்லை. ஓடுகிற பேருந்தில் கம்பியைப் பிடிக்காமல் நின்று, கூட்டத்துக்குள் புகுந்து புறப்பட்டு, சீட்டுக் கொடுத்தே வயதான மனிதர். ஓய்வு பெற்று வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகுதான் தொல்லை தெரிந்தது. காலுக்குக் கீழே தரை ஆடாமல் அசையாமல் கிடப்பது அவருக்கு என்னவோ போல இருந்தது. செய்தித்தாளைப் பாதி படித்துவிட்டு எழுந்துவிடுவார். சமையலறைக்குப் போவார், எதற்கு வந்தோம் என்று யோசிப்பார், வாசலுக்குப் போவார்.

அவர் மனைவி முன் அறையில் தையல் மிஷின் போட்டிருந்தார். “ஏங்க, நீங்க இப்படி குறுக்கயும் நெடுக்கயும் போனா எனக்கு ஊசியில நூல் கோக்க முடியல. ஒண்ணு வெளிய போங்க, இல்ல பரணையாவது சுத்தம் பண்ணுங்க” என்றார்.

பரணில்தான் மகனின் பழைய ஸ்கேட்ஸ் கிடைத்தது. ஒரே வரிசையில் நாலு சக்கரம் வைத்த பூட்ஸ். மகன் கல்லூரியில் படித்தபோது ஆசைப்பட்டு வாங்கி, ஒரே மாதத்தில் அலுத்துப்போய்த் தூக்கிப் போட்டது. இப்போது அவன் வேறு ஊரில் வேலையில் இருந்தான், வார இறுதிக்கு வந்து போவான். அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே அளவுக் கால். நடையில் சுவரைப் பிடித்துக்கொண்டு போட்டுப் பார்த்தார். முதல் தடவை துணி மூட்டை மேல் விழுந்தார். இரண்டாவது தடவை மிஷின் மேலேயே விழப் பார்த்தார். மனைவி கத்தரிக்கோலை எடுத்து உள்ளே வைத்தார்.

ஆனால் உடம்பு சீக்கிரம் பிடித்துக்கொண்டது. முழங்காலை லேசாக மடக்குவது, பிரேக் போடும்போது எந்தக் காலில் பாரத்தை வைப்பது, இதெல்லாம் அவர் கால்களுக்கு முன்பே பழக்கம். தெரு முழுக்கக் குண்டும் குழியும். ஊரிலேயே வழவழவென்று இருந்த இடம் அரசு அலுவலக வளாகத்தின் முன்முற்றம் ஒன்றுதான். பளிங்கு போலக் கல் பாவிய தரை. வாசல் படிகளுக்குப் பக்கத்தில், நடக்க முடியாதவர்களுக்காகக் கட்டிய ஒரு சாய்தளம். சாயங்காலமானால் இளவட்டங்கள் அங்கே சக்கரம் கட்டிக்கொண்டு திரியும். காவலாளி விரட்டுவார், அவர்கள் தூணைச் சுற்றி ஓடுவார்கள்.

கண்டக்டரை மட்டும் காவலாளி விரட்டவில்லை. காரணம் இருந்தது. அந்த வளாகத்தின் காவல், விளக்கு, தண்ணீர், வண்டி நிறுத்தம் எல்லாவற்றையும் பார்க்கும் பொதுப் பிரிவின் கண்காணிப்பாளர் கண்டக்டரின் மருமகள், அதே வீட்டில் மாமனார் மாமியாரோடு இருப்பவள். கண்டக்டர் வந்தால் காவலாளி எழுந்து நின்று வணக்கம் வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். மருமகள் வேலை முடிந்து வளாகத்தை விட்டுக் கிளம்பிய பிறகே, காற்று வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு மாமனார் வருவார் என்பதால் அவளுக்கு விஷயம் எட்டவில்லை. மனைவியும் வாயைத் திறக்கவில்லை. மிஷின் நிம்மதியாக ஓடியது.

ஒரு நாள் அவரால் சாயங்காலம் வரை பொறுக்க முடியவில்லை. காலையிலிருந்தே கால் பரபரத்தது. மதியச் சாப்பாட்டில் பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினார். வளாகத்தில் ஜனம் வந்துபோய்க்கொண்டிருந்த நேரம். ஒரே ஒரு தடவை, என்று நினைத்துக்கொண்டு சாய்தளத்தின் உச்சியிலிருந்து இறங்கினார். கீழேயிருந்து ஒரு அம்மாள் கைப்பிடியைப் பிடித்தபடி ஏறிக்கொண்டிருந்தார். அரசு விடுதி ஒன்றில் சமையல் வேலை, முழங்கால் வலி, ஏதோ விண்ணப்பம் கொடுக்க வந்தவர். அவர் வலது பக்கம் ஒதுங்கினார். கண்டக்டரும் அதே பக்கம் ஒதுங்கினார்.

அந்த அம்மாளின் இடது மணிக்கட்டு முறிந்தது. கண்டக்டருக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவர்தான் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார், சக்கரக் காலணியைக் கழற்றக்கூட மறந்து, நர்ஸ் திட்டும்வரை.

அன்று மருமகள் வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக்கூட வைக்கவில்லை.

“மாமா, உங்களுக்கு அடி ஏதும் பலமா படலயே?”

“இல்லம்மா. அந்தம்மாவுக்குத்தான்…”

“தெரியும். நான் போய்ப் பாத்துட்டுதான் வரேன். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பட்டப்பகல்ல, அவ்வளவு கூட்டத்துல, வாட்ச்மேன் உங்கள ஏன் நிறுத்தல?”

கண்டக்டர் சுவரில் சாய்ந்தார், நிமிர்ந்தார், ஜன்னல் பக்கம் போனார்.

“நீ அங்க இருக்கியேன்னுதான்” என்றார்.

அவள் அழுவாள் என்று மாமியார் நினைத்தார். அழவில்லை. “என் பேர ரிப்பேர் பண்ணிட்டீங்க மாமா” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் மேலதிகாரி அவளைக் கூப்பிட்டு, வளாகத்தில் சக்கரம் என்ற பேச்சே இருக்கக் கூடாது, முழுத் தடை போட்டு விதி எழுதிக் கொண்டு வா என்றார். செய்தி கசிந்ததும் இளவட்டங்கள் மனுவோடு வந்து நின்றன. கடைசியில், எல்லோரையும் வைத்துப் பேசி முடிப்போம் என்று ஒரு கூட்டம் போட்டார்கள். கண்டக்டர் பின் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

பேச்சு எங்கெங்கோ போயிற்று. கல் தேய்கிறது என்றார் ஒருவர். பிள்ளைகள் வேறு எங்கே போவார்கள், ரோட்டுக்கா, லாரிக்கு முன்னாலா என்றார் இன்னொருவர். மருமகள் யார் பக்கமும் சாயாமல் குறித்துக்கொண்டிருந்தாள். கையில் மாவுக்கட்டோடு சமையல் அம்மாளும் வந்திருந்தார். உங்களுக்கு என்ன வேண்டும் என்று மேலதிகாரி அவரைக் கேட்டார்.

“அந்தச் சாய்தளத்துல நான் பயமில்லாம ஏறணுங்க. படி ஏற முடியாதவங்களுக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான். மத்தபடி யார் எங்க சுத்தினா எனக்கென்ன” என்றார் அவர்.

விதி அந்த இடத்திலிருந்துதான் பிறந்தது. அலுவலக நேரம் முடிந்த பிறகும் விடுமுறை நாளிலும் மட்டும் ஸ்கேட்டிங், கிழக்கு முற்றத்தில் மட்டும், சாய்தளம், படி, நடைபாதை பக்கம் எவர் சக்கரமும் போகக் கூடாது, தலைக்கவசம் கட்டாயம், மீறினால் காலணியைக் காவலாளி வாங்கி ஒரு வாரம் பூட்டி வைப்பார். அடியில் மருமகள் ஒரு வரி சேர்த்தாள்: இது ஊழியர்களுக்கும் அவர்களின் குடும்பத்தாருக்கும் சேர்த்தே பொருந்தும். மேலதிகாரி அதைப் படித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

விதியில் முதலில் மாட்டியவர் கண்டக்டர்.

வேறொன்றுமில்லை, அலுவலகம் முடியக் கொஞ்ச நேரம் பாக்கி இருந்தது. கிழக்கு முற்றத்தில் ஈ காக்காய் இல்லை. தலைக்கவசம் போட்டிருந்தார். இறங்கிவிட்டார். காவலாளி தயங்கித் தயங்கி வந்தார்.

“ஐயா, மேடம் கண்டிப்பா சொல்லியிருக்காங்க. யாருன்னு மூஞ்சியப் பாக்காதே, கால மட்டும் பாருன்னு.”

“அப்படியா சொன்னா?”

“ஆமாங்க. எனக்கும் புள்ளைக்குட்டி இருக்குங்க.”

கண்டக்டர் குனிந்து கழற்றிக் கொடுத்தார். அவசரத்தில் வீட்டிலேயே போட்டுக்கொண்டு ஆட்டோவில் வந்தவர், மாற்றுச் செருப்பு கொண்டுவரவில்லை. காலுறையோடு ஊர் பார்க்க நடந்து வீட்டுக்கு வந்தார். மனைவி மிஷினை நிறுத்தி, அவர் காலைப் பார்த்து, முகத்தைத் துணியில் புதைத்துக்கொண்டு சிரித்தார்.

அந்த ஒரு வாரம் வீடு படாத பாடு பட்டது. இருந்த குழாயெல்லாம் கழற்றி மாட்டினார். ஒழுகாத குழாய் ஒழுக ஆரம்பித்தது. பிறகு சமையல் அம்மாளின் வீட்டுக்கு நடையைக் கட்டினார். தண்ணீர் எடுத்து வைத்தார், கடைக்குப் போய் வந்தார், மறுபடி என்ன வேலை என்று கேட்டு வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தார். நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் சொன்னார்:

“அண்ணே, மேல விழுந்தது வேணும்னு இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனா நீங்க இங்க சுத்திச் சுத்தி வந்தா, எனக்குக் கை வலியோட தலையும் வலிக்குது. வாரத்துக்கு ஒரு தடவ வந்தா போதும்.”

அவர் தலையாட்டினார். வெளியே வந்து தெருமுனையில் வெகுநேரம் நின்றார். கோபம் இல்லை, அவமானமும் இல்லை. கால் மட்டும் துறுதுறுத்தது.

காலணி திரும்பி வந்தது. மாவுக்கட்டும் பிரித்தாயிற்று. ஆனால் சமையல் அம்மாள் வளாகத்துக்கு வரும்போதெல்லாம், சாய்தளத்தின் அடியில் ஒரு கணம் நின்று, மேலே பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறார். ஒரு சாயங்காலம், அலுவலகம் விட்ட பிறகு, மறந்து வைத்துவிட்ட குடையை எடுக்க உள்ளே போய்க்கொண்டிருந்தபோது அவர் அப்படி நின்றதைக் கண்டக்டர் கிழக்கு முற்றத்திலிருந்து பார்த்தார். அன்று வழக்கத்தைவிடச் சீக்கிரமே கழற்றிவிட்டார்.

மருமகள் சில நாள் வேலை முடிந்து தாமதமாகக் கிளம்பும்போது, ஜன்னல் வழியே மாமனார் வட்டமடிப்பது தெரியும். கையசைக்க மாட்டாள். வீட்டில் அதைப் பற்றிப் பேசவும் மாட்டாள். கடைசியில் அவராகத்தான் பேச்செடுத்தார்.

“ஏம்மா, விடியற்காலைலயும் ஒரு மணி நேரம் விட்டா என்ன? அப்ப அங்க ஒரு ஜனமும் இருக்காது. எனக்கு அப்பவே முழிப்பு வந்துருது.”

“மனு எழுதிக் குடுங்க மாமா. எல்லார் மனுவோடயும் வரிசைல வரும்.”

அன்றே எழுதிக் கொடுத்துவிட்டார். தினமும் சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்ததும், என்ன ஆச்சு என்கிற மாதிரி அவளைப் பார்ப்பார். பரிசீலனையில் இருக்கிறது மாமா என்பாள் அவள், நிமிராமல். அவர் பாதிச் சோற்றில் எழுந்து தண்ணீர் எடுக்கப் போவார்.