பொத்தைக்குப் போட்ட வேலி

சுந்தர்ராமன் சார் கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். எனக்கு வாத்தியார், இப்போது என் பைக்கின் நிரந்தரப் பின்சீட்டுக்காரர். வீட்டு விசேஷம் மறந்தாலும் புல்லின் பேரை மறக்க மாட்டார்.

களக்காட்டுக்குக் கிழக்கே ஒரு பொத்தை, மொட்டைப்பாறைக் குன்று. அங்கேதான் அந்தப் புல்லைக் கண்டார். கம்பி போன்ற தாள், செம்பழுப்புக் கதிர். எங்கே தேடியும் வேறிடத்தில் கிடைக்கவில்லை. அப்போதே அவருக்குத் தூக்கம் போயிற்று. காரணம் சங்கிலிபூதத்தான். ஆடு மேய்ப்பவர். கோடைமழைக்கு முன்னால் காய்ந்த புல்லுக்குத் தீ வைப்பார். மழை விழுந்ததும் வரும் துளிர் ஆடுகளுக்கு.

"தீ பட்டாத்தான் சார் இது கதிர் வாங்கும். நான் சின்னப் பிள்ளையிலேருந்து பாக்குதேன்" என்றார் அவர். சார் சிரித்தார். வெட்கமாக இருக்கிறது, நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

சார் வனத்துறைக்கு மனுமேல் மனு போட்டார். எழுதிக்கொடுத்தது நான். வேலி வந்தது. சங்கிலிபூதத்தான் ஆடுகளை விற்றுவிட்டு, பேட்டையில் ஒரு பட்டறைக்கு வாட்ச்மேனாகப் போனார்.

முதல் வருஷம் புல் இடுப்பளவு வளர்ந்தது. சார் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். ஆனால் கதிர் இல்லை. அடுத்த வருஷமும் இல்லை. பழைய தாள் மக்காமல் மேலே மேலே படிந்தது. பிறகு உண்ணிச்செடி முட்புதராக ஏறியது. சார் மழையைக் குறை சொன்னார், மண்ணைக் குறை சொன்னார். ஆறு வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, "பேட்டைக்கு வண்டிய விடுப்பா" என்றார்.

பட்டறை வாசலில் சார் கை கூப்பினார். "தப்புப் பண்ணிட்டேன். ஆறு வருஷமா கதிரே இல்ல. வந்து ஒரு தடவை தீ வச்சுக் கொடும்." நாலு வசவு விழும் என்று நினைத்தேன். சங்கிலிபூதத்தான் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.

பொத்தையில் அவர் உண்ணிச்செடியை விலக்கி ஒரு தூரைப் பிடித்து இழுத்தார். வேரோடு கையில் வந்தது. கறுத்திருந்தது. இன்னொன்று, அதுவும் அப்படியே. உச்சிவரை தேடினோம்.

"வேரே செத்துட்டு சார். இனி தீ வச்சா உண்ணிதான் எரியும்."

"விதை மண்ணுல கிடக்காதா?"

"எங்கன கிடக்கும்? ஆறு வருசமா கதிரே வாங்கலியே."

சார் கையில் தீப்பெட்டி இருந்தது. அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. நாங்கள்தான் கொன்றோம், அதுவும் ஆசையாக.

இறங்கி வந்ததும் சார் வழக்கம்போல வேலிக்கதவைப் பூட்டினார். பூட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று இரண்டு தரம் இழுத்தும் பார்த்தார்.