ஐந்தாவது இடத்தில் நான் வைத்த ஆன்டிவைரஸ்

"மிஷினுக்கு எந்த மருந்து நல்லதுன்னு எழுதத்தான் காலேஜு படிச்சியா? அத எவன் படிப்பான்?" என்று அத்தை கேட்டாள். நைனா, என் அப்பா, அங்கேயே இருந்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். அத்தைக்குப் பதில் சொல்வதைவிட எழுதிக் காட்டுவது மேல் என்று நினைத்தேன்.

இந்த எழுத்து வேலையைக் கொடுத்தது, கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் மூத்த அக்கா. எங்களைப் போலச் செஞ்சிக்காரிதான். அவள் அம்மாவும் என் அம்மாவும் ஒரே வயலில் நாற்று நட்டவர்கள். இப்போது சென்னையில் அறை எடுத்துத் தமிழில் ஓர் இணையதளம் நடத்துகிறாள். எந்த போன் வாங்கலாம், எந்த பிரிண்டர் வாங்கலாம் என்று அதில் வரும்.

"வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எந்த ஆன்டிவைரஸ் போடலாம்னு தமிழ்ல யாரும் ஒழுங்கா எழுதலடி. நம்ம மாதிரி வீட்லேருந்து வந்தவ சொன்னாத்தான் ஜனங்க நம்புவாங்க. நீயே போட்டுப் பாத்து எழுது" என்றாள்.

போட்டுத்தான் பார்த்தேன். பள்ளியில் அரசு கொடுத்த மடிக்கணினி ஒன்று, வல்லத்தில் தோழி வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று. ஒன்றைச் சுத்தமாக நீக்கிவிட்டு அடுத்ததைப் போடுவது என்று ஐந்து ஆன்டிவைரஸையும் பார்த்தேன். சோதனைக்கென்றே இருக்கும் கெடுதல் இல்லாத போலி வைரஸை ஐந்துமே பிடித்துவிட்டன. ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்த பென்டிரைவில் ஒட்டிக்கொண்டு வந்ததையும் பிடித்தன. வித்தியாசம் வேகத்தில்தான் இருந்தது. சுவிட்சைப் போட்டதிலிருந்து ஓர் எழுத்து டைப் செய்யும்வரை எத்தனை நிமிடம் ஆகிறது என்று நோட்டில் குறித்தேன். பாதி ஸ்கேனில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

பாஸ்வேர்டைப் பூட்டி வைக்க ஒன்று, பிள்ளைகளைக் கண்காணிக்க ஒன்று, குப்பையைக் கூட்ட ஒன்று என எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய பெரிய தொகுப்பு ஒன்று இருந்தது. அது தோழி வீட்டு மிஷினை அப்படியே உட்கார வைத்துவிட்டது. அவள் அம்மா எட்டிப் பார்த்து, "இன்னாடி, இதுக்கு வைரஸே தேவலாம் போலிருக்குது" என்றார். அதை ஐந்தாவதாக வைத்தேன். நினைவகம் குறைவான பழைய கம்ப்யூட்டரில் இதைப் போடாதீர்கள் என்று தனி வரியும் எழுதினேன். கம்ப்யூட்டரோடு சேர்ந்தே வரும் இலவசப் பாதுகாப்பு பெரும்பாலான வீடுகளுக்குப் போதும் என்று அதை முதலில் வைத்தேன்.

கட்டுரை வந்தது. தலைப்புக்குக் கீழே என் பேர். போனை எடுத்துக்கொண்டு நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் ஏலத்துக்கு வரும் மார்க்கெட் கமிட்டிக்கு ஓடினேன். நைனா அங்கே மூட்டை தூக்குகிறவர். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார்.

"எது உம்பேரு?"

விரல் வைத்துக் காட்டினேன். எடை போட நின்றவர்களிடமெல்லாம் கொண்டுபோய் அவரும் விரல் வைத்துக் காட்டினார். சாயங்காலம் அத்தைக்கு நான் காட்டினேன். எல்லோருக்கும் பேர்வரைதான் காட்டினேன். அதற்குக் கீழே நானும் இறங்கவில்லை. நான் எழுதியதுதானே, அதில் புதிதாகப் படிக்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அனந்தபுரத்திலிருந்து ஒரு மாமா வந்தார். நைனாவுக்குப் பழக்கம். வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்துப் பத்திரம் டைப் செய்து கொடுப்பவர்.

"முகூர்த்த நாளும்மா. மூணு கிரயம். மிஷின் சுத்திக்கினே இருக்குது, ஒரு பக்கம் அடிக்க முடியல. வந்தவங்க வேற ஆள்கிட்ட போயிட்டாங்க. நீ எழுதனதப் பாத்துத்தான் வாங்கிப் போட்டேன்."

"எத மாமா போட்டீங்க?"

அந்தப் பெரிய தொகுப்பின் பேரைச் சொன்னார்.

"அதப் போடாதீங்கன்னு எழுதனேன் மாமா."

"எங்க எழுதியிருக்குது? காட்டு."

அன்றைக்குத்தான் பேருக்குக் கீழே படித்தேன். முதலிடத்தில் அந்தத் தொகுப்பு இருந்தது. என் தனி வரி இருந்த இடத்தில் 'பழைய கம்ப்யூட்டருக்கும் ஏற்றது' என்று இருந்தது. பக்கத்தில் 'வாங்க' என்று ஒரு பச்சைப் பொத்தான். நான் முதலில் வைத்த இலவசப் பாதுகாப்பு கடைசிக்குப் போயிருந்தது. வல்லத்தில் கரண்ட் போனது, நான் மறுபடி ஆரம்பித்தது எல்லாம் ஓர் எழுத்துகூட மாறாமல் இருந்தன.

"இது நான் எழுதனது இல்ல" என்றேன்.

நைனா குனிந்து திரையைப் பார்த்தார். அவருக்கு அந்தப் பக்கத்தில் அடையாளம் தெரிந்தது ஒன்றுதான். அதன்மேல் விரலை வைத்தார். "உம்பேருதான இது?"

மாமாவும் அதே கேள்வியோடுதான் என்னைப் பார்த்தார்.

அவர் போனதும் அக்காவைக் கூப்பிட்டேன்.

"உன் எழுத்த நான் தொடவே இல்லடி. வரிசையத்தான் மாத்தனேன். இலவசத்த மொதல்ல வெச்சா பொத்தான எவன் அழுத்துவான்? அழுத்தி வாங்கினாத்தான் கமிஷன். எல்லா சைட்டும் இப்படித்தான்."

"அந்த ஒரு வரி?"

"வாங்க வர்றவன விரட்டற வரிடி அது."

"எம்பேர எடுத்துடுக்கா."

"எடுத்துடறேன், டென்ஷன் ஆவாத. கட்டுரை இருக்கும்."

வெளியாள் யாராவது செய்திருந்தால் கோபத்தோடு போயிருக்கும். நம்ம மாதிரி வீட்டிலிருந்து வந்தவள் சொன்னால் நம்புவார்கள் என்று என்னைத் தேர்ந்தெடுத்தவள் இவள். அவள் கணக்கு சரியாகத்தான் இருந்தது. மாமா நம்பினார்.

மறுநாள் காலை பஸ்ஸில் அனந்தபுரம் போனேன். மாமாவின் மிஷினிலிருந்து அந்தத் தொகுப்பை நீக்கி, மிஷினோடு சேர்ந்தே வந்த இலவசப் பாதுகாப்பைத் திரும்ப இயக்கினேன். எழுத்து அடிக்க வந்தது. அவர் ஒரு வரி அடித்துப் பார்த்துவிட்டு, "இத மொதல்லியே எழுதியிருக்கலாமேம்மா" என்றார்.

நேற்று நோட்டுப் பக்கங்களை நிமிடக் கணக்கோடு படமெடுத்தேன். நான் வைத்த வரிசை எது, வெளிவந்த வரிசை எது, நடுவில் எந்த வரி போனது, அது போனதால் யாருக்கு லாபம் என்று எழுதி, இணையத்தில் என் பேரிலேயே வெளியிட்டுவிட்டேன். இந்த முறை கடைசி வரிவரை இரண்டு தடவை படித்தேன். மாமாவுக்கு அனுப்பினேன். கமிட்டியில் நைனா காட்டிய ஆட்களின் நம்பரை அவரிடமே கேட்டு வாங்கி ஒவ்வொருவருக்கும் அனுப்பினேன். அக்காவுக்கும் அனுப்பிவிட்டேன்.