வாசிக்காமல் ஒட்டிய லேபிள்கள்

ஒரு கதவைப் பூட்டுகிறவர், பூட்டியதால் உள்ளே இருப்பவர்கள் படும் சிரமத்துக்கும் பொறுப்பாவாரா? விஜயராணியிடம் வாழ்க்கை இந்தக் கேள்வியை 2004 ஆவணியில் ஒரு நாள் நேராகவே கேட்டது.

அவள் சாத்தான்குளத்திலிருந்து பிழைக்க வந்த தையல்காரரின் மகள். பெருமாநல்லூரில் ஆத்தப்பனின் பனியன் கம்பெனியில் புரோகிராம் எழுதினாள். பெட்டிகளுக்கான லேபிளை அவள் எழுதிய புரோகிராம்தான் அச்சிடும். அன்று மாலை ஆறு மணிக்குத் தூத்துக்குடிக்குக் கண்டெய்னர் கிளம்பாவிட்டால் ஆர்டர் ரத்தாகிவிடும். பன்னிரண்டு மணிக்கு சர்வர் முடங்கியது.

"சைஸு, கலருன்னு வர்ற ஒவ்வொரு பேரையும் ஒரு கணக்குப் போட்டுத்தான் தன் நினைவுல எந்த அறையில வைக்கணும்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணும், சார்," என்றாள் ஆத்தப்பனிடம். "அந்தக் கணக்கு தெரிஞ்ச எவனோ, எல்லாம் ஒரே அறையில விழுற மாதிரி அம்பதாயிரம் பொய்ப் பேருங்களை இன்டர்நெட்ல நம்ம ஆர்டர் வாங்குற பக்கத்துக்கு அனுப்பிருக்கான். ஒண்ணைத் தேட அத்தனையையும் கிளற வேண்டியிருக்கு."

"அவனை வெளிய நிறுத்த முடியாதா கண்ணு?"

"வேற வழியா வருவான். ஒவ்வொரு தடவை ஓடும்போதும் கணக்குல ஒரு ரகசிய எண்ணைச் சேத்துட்டா, அவனால ஊகிக்க முடியாது."

அவள் புரோகிராம் எழுதிய மொழியின் புதிய பதிப்பில் அந்தக் காப்பு இருந்தது. ஏற்றினாள். அதில் பெரிய திறமை ஒன்றுமில்லை. மூன்று மணிக்கு லேபிள்கள் ஓடத் தொடங்கின.

நாலரைக்கு பேக்கிங் பக்கம் போனவள் நின்றுவிட்டாள். எம் என்று ஒட்டிய பெட்டிக்குள் எக்ஸ்எல் பனியன்கள் இருந்தன.

மூன்று வருடமாக லேபிள்கள் எல், எஸ், எக்ஸ்எல், எம் என்றே வந்தன. யாரும் அப்படி வரச் சொன்னதில்லை. பழைய கணக்கு தற்செயலாக அப்படித் தள்ளியது. பேக்கிங் பொறுப்பாளர் கன்னையன் பனியன்களையும் அதே வரிசையில் குவித்து வைத்து, லேபிள் சுருளை வாசிக்காமலே ஒட்டவைத்தார். ரகசிய எண் சேர்ந்ததும் இப்போது வரிசை மாறிவிட்டது.

"எழுத்தைப் பாக்கலியா அண்ணாச்சி?"

"பாக்காம ஒட்டிப் பழகுன கைங்க அம்மிணி. உங்க கம்ப்யூட்டருக்குத்தான் இன்னைக்குப் புத்தி கெட்டுப்போச்சு."

நூற்றிருபது பெட்டிகள். ஆத்தப்பன் வந்து கடிகாரத்தைப் பார்த்தார். "பழசையே போட்டுடு கண்ணு. நாளைக்குப் பாத்துக்கலாம்."

"போட்டா பத்து நிமிசத்துல மறுபடி படுத்துரும் சார்."

அவர் தரையில் உட்கார்ந்து லேபிளை உரிக்கத் தொடங்கினார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். புதிய லேபிளை ஒருத்தி சத்தமாக வாசிக்க, இன்னொருத்தி ஒட்டினாள். ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கண்டெய்னர் கதவு சாத்தப்பட்டது.

மறுநாள் கன்னையன் கேட்டார்: "ஏனுங்க அம்மிணி, உங்க பூட்டும் இருக்கட்டும். லேபிள் மட்டும் பழைய வரிசையில வர வைக்க முடியாதுங்களா?"

"முடியும்," என்றாள்.

புரோகிராமில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும், காப்பும் கெடாது. ஆனால் கைகள் மறுபடி எழுத்தைப் பார்க்காமலே ஒட்டத் தொடங்கிவிடும். அங்கே இருந்த அடுத்த நான்கு வருடமும் அந்த வரியை அவள் எழுதவில்லை.