ஏழாவது கேள்வி

ஆக்சிலியா வேலை பார்க்கும் மருத்துவக் கல்லூரியின் பெயரை நான் சொல்வதாக இல்லை. பாவம், அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். கோவில்பத்திலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பி, ஒன்பது மணிக்குப் பிணவறைக்கு அடுத்த அறையில் கையுறை மாட்டிக்கொண்டு நிற்பாள். இறந்தவர்களின் உறுப்புகளை ஃபார்மலினில் ஊறவைத்து, அறுத்து, டாக்டர் பார்க்கத் தோதாக விரித்து வைக்கிற டெக்னீஷியன். பதினான்கு வருஷமாக ஒப்பந்தம்தான். பதினோரு மாதம் வேலை, ஒரு நாள் வீடு, மறுபடியும் பதினோரு மாதம். அந்த ஒரு நாளில் அவளுக்குச் சோறு இறங்காது. கையெழுத்துப் போட வேண்டியவர் துறைத் தலைவர் டாக்டர் ராஜ்மோகன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கருக்களாச்சேரி மாறனின் இதயம் அவள் மேசைக்கு வந்தது. இருபத்துமூன்று வயசுப் பையன். திருவிழாக் கபடியில் பாடிப் போனவனைச் சுப்ராயன் காலைப் பிடித்து மடக்கினான். விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. உடம்பில் ஒரு கீறல் கிடையாது. ஆனாலும் ஊர் சும்மா இருக்குமா? சுப்ராயன்தான் கொன்றான் என்றது. போலீஸ் அவனைக் கொண்டுபோய் உட்கார வைத்தது. டாக்டரோ இதயத்தை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு, "காரணம் தெரியலன்னு எழுதிடலாம்" என்றார்.

ஆக்சிலியாவுக்கு மனசு ஒப்பவில்லை. எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் மெல்லிய கம்பியை இடதுகையில் எடுத்தாள். அவள் இடதுகைக்காரி. இதயத்துக்கே ரத்தம் கொடுக்கிற இரண்டு குழாய்களில், இடப்பக்கத்துக் குழாயின் வாய் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. தேடித் தேடி, வலப்பக்கத்தில் மற்றதன் வாயை ஒட்டிக் கண்டுபிடித்தாள். அங்கிருந்து அது இரண்டு பெரிய ரத்தக்குழாய்களுக்கு நடுவே நுழைந்து போயிற்று. மூச்சிறைக்க ஓடினால் பெரியவை இரண்டும் புடைக்கும், நடுவில் மாட்டியது நசுங்கும். பிறவியிலேயே வந்த கோளாறு. மாறனை யாரும் கொல்லவில்லை.

"சார், கொஞ்சம் வந்து பாருங்க. இது வரக்கூடாத எடத்துலேர்ந்து வருது."

டாக்டர் பார்த்தார், துள்ளினார். எத்தனையோ ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கிற விஷயமாயிற்றே! சுப்ராயன் வெளியே வந்தான். ஒரு கூடை மீனோடு வந்து டாக்டர் காலில் விழுந்தான். ஆக்சிலியாவுக்கும் இரண்டு மீன் கிடைத்தது, குறை சொல்லக்கூடாது.

அடுத்த வருஷம் வெளிநாட்டுப் பத்திரிகையில் கட்டுரை வந்தது. ஐந்து பேர் பெயர். அதில் இரண்டு பேர் அந்த இதயத்தைக் கண்ணால் கண்டதில்லை. ஒருவர் அப்போது கல்லூரியிலேயே சேர்ந்திருக்கவில்லை. படத்தில் கம்பியைப் பிடித்திருக்கும் இடதுகை மட்டும் ஆக்சிலியாவுடையது.

"டெக்னீஷியன் பேரெல்லாம் போடற வழக்கம் இல்லம்மா" என்றார் டாக்டர், நிஜமாகவே வருத்தப்பட்டு. அவர் கெட்டவரில்லை. அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் மனசுக்குள்ளாவது நிம்மதியாகத் திட்டித் தீர்க்கலாம்.

வீட்டில் மகள் ஜெனிட்டா படத்தைப் பார்த்ததும், "இது உன் கைதானேம்மா?" என்றாள். அவளைத் தவிர யாரும் கேட்கவில்லை.

போன வருஷம் கல்லூரியில் நிரந்தர வேலைக்கு ஆள் எடுப்பதாக அறிவித்தார்கள். கட்டுரையில் பெயர் இருந்தால் ஐந்து மார்க் கூட. ஆக்சிலியாவுக்கு முப்பத்தொன்பது வயது. நாற்பதோடு கதவைச் சாத்திவிடுவார்கள். அந்தச் சமயம் பார்த்து டாக்டருக்கு ஒரு படிவம் வந்தது. கட்டுரைகளில் யார் யார் பெயர் போடப்படுகிறது என்று ஆராய்கிறவர்கள், அந்தப் பத்திரிகையோடு சேர்ந்து அனுப்பியது. விட்டுப்போன பெயரைச் சொன்னால் பத்திரிகை சேர்த்துக்கொள்ளும். பதிலின் நகல் ஐந்து பேருக்கும் போகும்.

டாக்டருக்கு வருகிற மெயிலுக்கெல்லாம் பதில் தட்டுவது யார்? ஆக்சிலியாதான்.

"நீயே போட்டு அனுப்பிடும்மா. எனக்கு மீட்டிங்."

அவளுடைய ஒப்பந்த ஃபைல் நாலு நாளாக அவர் மேசையில் கையெழுத்தில்லாமல் கிடந்தது. இருந்தும் கேட்டுவிட்டாள்.

"சார், ஏழாவது கேள்வி மட்டும் நீங்க ஒரு தடவ பாத்துடுங்களேன்."

"என்ன கேக்கறான்?"

"வேல செஞ்சவங்க யாரு பேராச்சும் விட்டுப்போச்சான்னு."

வாசல்வரை போனவர் நின்றார். திரும்பி வந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஃபைலை இழுத்து, பேனாவைத் திறந்து, மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

"இல்லன்னு போட்டுடு. இந்தா, உன் ஃபைல்."

அவர் போன பிறகு திரையில் ஏழாவது கேள்விக்கு வந்தாள். ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. 'ஆம்' என்று அழுத்தினால் ஐந்து பேருக்கும் தெரியும். 'இல்லை' என்றால் பதினோரு மாதச் சோறு. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். இடதுகையால் 'இல்லை'யை அழுத்தினாள். கீழே, பதில் எழுதியவர் பெயர் என்ற கட்டத்தில் டாக்டரின் பெயரைத் தட்டினாள்.

நிரந்தர வேலை மூன்று மார்க்கில் போயிற்று.

இந்த வருஷம் அந்த ஆராய்ச்சியின் முடிவு வந்தது. டாக்டர் சந்தோஷமாக உரக்கப் படித்தார்.

"கேட்டியா ஆக்சிலியா? நூத்துக்குத் தொண்ணூத்திரண்டு கட்டுரையில யாரையும் விடலியாம். நம்ம தொழில் சுத்தம்மா!"

"ஆமா சார்" என்றாள். முந்தின வாரம்தான் அவளுக்கு நாற்பது முடிந்திருந்தது.