ரோண்டா காலை மடக்கிக்கொண்ட ஆட்டம்

எங்கள் காலேஜ் கோச் டில்மனை ஊரைவிட்டு விரட்டாமல் ஓய்வதில்லை என்று ரோண்டா ப்ரூயிட் கங்கணம் கட்டிக்கொண்டது செப்டம்பரில். எங்கள் ஊரில் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள். காலேஜ் ஃபுட்பால் ஆட்டங்களில் எனக்குப் பக்கத்து இடம் அவளுடையது.

காலால் உதைக்கிற ஃபுட்பால் இல்லை; பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முட்டி மோதி எதிரணியின் கோட்டைத் தாண்டி ஓடுவதுதான் ஆட்டம். எங்கள் பையன்கள் முட்ட மட்டுமே கற்றிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் எதிரணி மலைபோல் நிற்கும் நட்டநடுவில் போய் விழுவார்கள். தோல்விமேல் தோல்வி. கோச் வாராவாரம் ஊர் ஓட்டலில் உட்கார்ந்து ரேடியோவுக்குப் பேசுவார். யாரும் கேள்வி கேட்கலாம். செப்டம்பரில் ஒருநாள் ரோண்டா எழுந்தாள்.

"ஏன் கோச், ஓரமா ஓடினா உங்க பசங்களுக்குக் காலு சுளுக்கிக்குமா?"

"அம்மா, நீங்க போய் பஸ்ஸப் பாருங்க. டீமை நான் பாத்துக்கிறேன்."

கையில் கோழி வறுவலோடு மொத்த ஓட்டலும் சிரித்தது. அவள் புருஷன் வெர்னும் சிரித்தான். அதை அவளால் பொறுக்கவே முடியவில்லை. அந்த வாரம் முழுக்க வெர்னுக்கு வீட்டில் சூடான சாப்பாடு கிடையாது.

நவம்பரில் கடைசி ஆட்டம், ஆற்றுக்கு அக்கரை மார்ஸ்டன் காலேஜோடு. இதிலும் தோற்றால் கோச்சுக்குக் கல்தா. ஜெயித்தால் இன்னும் மூன்று வருஷம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது.

பந்து எதிரணி கையில் இருக்கும்போது எங்கள் கூட்டம் உட்காரும் தகரப் படிகளை மிதித்து அதிர வைக்கும். எப்போது பாய வேண்டும் என்று அவர்கள் கேப்டன் கொடுக்கும் குரல் அவன் ஆட்களுக்கே கேட்காது. மிதியைத் தொடங்குவது எப்போதும் ரோண்டாதான். அவள் தொடங்காவிட்டால் எங்களுக்குத் தாளமே சேராது.

அன்று அவள் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள்.

"மிதி ரோண்டா!" என்று கத்தினேன்.

"காலு வலிக்குது."

"கோச் மேல இருக்கிற கோவத்துல மார்ஸ்டன்காரன ஜெயிக்க விடுவியா?"

"அந்தாளு பெட்டியத் தூக்கிட்டுப் போறத நான் பாக்கணும். அவ்வளவுதான்."

எனக்கு அவளைப் படியிலிருந்து தள்ளிவிடலாம் போலிருந்தது. நான்கு புள்ளி முன்னால் இருந்தோம். கடைசிப் பந்து அவர்களுடையது. எங்கள் கோட்டுக்கு இரண்டே கஜம்; தாண்டினால் ஆறு புள்ளி, ஆட்டம் அவர்களுக்கு. மார்ஸ்டன் கேப்டன் எங்கள் பக்கம் திரும்பினான். இரண்டு கையையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்து, தூங்குங்கள் என்று காட்டி இளித்தான்.

ரோண்டாவின் முகம் சிவந்தது.

"டேய், கொழுப்பெடுத்த நாயே! யாருகிட்ட?"

எழுந்து மிதித்தாள். கூட்டமே மிதித்தது. கேப்டன் தொண்டை கிழியக் கத்தியும் அவன் ஆள் ஒருத்தனுக்குக் கேட்கவில்லை; பந்து கிளம்பும் முன்பே முந்திக்கொண்டு பாய்ந்துவிட்டான். அது தவறு என்று நடுவர்கள் அவர்களை ஐந்து கஜம் பின்னே தள்ளினார்கள். அங்கிருந்து எறிந்த பந்து யார் கையிலும் சிக்காமல் புல்லில் விழுந்தது. ஜெயித்துவிட்டோம்.

ரோண்டா மறுபக்கம் இருந்த வெர்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். பாதிக் குதியில் நின்றாள். கோச் டில்மன் கம்பியைப் பிடித்து எங்கள் பக்கம் ஏறி வந்துகொண்டிருந்தார், கண்ணெல்லாம் ஈரம்.

"அம்மா, கேட்டுச்சு. நீங்க மட்டும் மிதிக்கலேன்னா இன்னிக்கு நான் வீட்டுக்குத்தான்."

நீட்டிய கையை அவள் பிடித்துக் குலுக்க வேண்டியதாயிற்று. அவர் இறங்கிப் போனதும் படியில் தொப்பென்று உட்கார்ந்து அழுதாள்.

"மூணு வருஷம்! நானே பிடிச்சு உக்கார வெச்சிட்டேனே அந்தாள!"

வெர்ன் இந்தமுறை சிரிக்கத் துணியவில்லை. அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அத விடு. அந்த மார்ஸ்டன் பய மூஞ்சியப் பாத்தியா?"